மூட்டைக்கு மூன்று

கூத்தாயிசியில், பாலத்துக்குக் கீழ்த் தெருவில்
முழங்கால் உயரத்தில் ஒரு ஜன்னல், அதுதான் எங்கள் கடை.
ரொட்டி வாங்க வருகிறவர்கள் குனிந்துதான் கேட்க வேண்டும்.
எல்லோரும் குனிவதில்லை.
அதனால் பாதி ஊரை எனக்குச் செருப்பால் தெரியும்.
மல்காஸுக்கு யாரையுமே தெரியாது.
அவன் அடுப்புக்குள் இருப்பான்.

அடுப்புக்குள் என்றால் பாதி உடம்பு.
கிணறு மாதிரி மண் அடுப்பு அது.
உட்சுவரில் மாவை அறைந்து ஒட்ட
இடுப்புவரை தலைகீழாய்ச் சாய்வான்,
கால்கள் தரையைவிட்டு ஒரு சாண் எழும்.
அந்த நொடியில் பின்னால் நிற்கிறவன்
நினைத்தால் எதுவும் செய்யலாம்.

பதினோரு ஆண்டுகள் பின்னால் நின்றவன் நான்.
ஒன்றும் செய்யவில்லை.
கணக்கு மட்டும் எழுதினேன்.

மாவு மூட்டை எண்பத்தொரு லரி என்று எழுதினேன்.
எழுபத்தெட்டுக்குத்தான் இறக்கினான் கோச்சா.
மிச்சம் மூன்று,
மாதக் கடைசியில் பழுப்பு உறையில் சேர்ந்து வரும்,
வண்டி இருக்கைக்கு அடியிலிருந்து,
டீசல் மணத்தோடு.
முதலில் அது மகளின் கோணல் பல்லுக்குக் கம்பி போட.
கம்பியைக் கழற்றிய பிறகும் உறை வந்தது.
வேண்டாம் என்று சொல்ல
ஒவ்வொரு மாதமும் நாக்கு நுனிவரை வந்தது, உண்மைதான்.
உறையை வாங்கக் கை அதற்கு முன்னால் போனது.

ஜனவரியில் ஒருநாள், பனி சேறாகிக் கிடந்த காலை,
மூட்டையைத் தோளில் வைத்தபடி கோச்சா கேட்டான்:
"சூப்பர்மார்க்கெட்காரன் மல்காஸைக் கூப்பிட்டானாமே,
இரண்டு மடங்கு சம்பளம், ஞாயிறு விடுமுறை.
உன்னிடம் சொல்லவில்லையா?"

சொல்லவில்லை.

அன்று நான் பேசியதை
எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.
துரோகம் என்றேன். உப்பிட்டவரை என்றேன்.
என் மகளுக்கு ஞானத்தகப்பனாய் நின்றவனே
இப்படிச் செய்தால் என்றேன்.
மடியில் கனம் எனக்கு.
வழியில் கண்ட திருடன் அவன்.
குரல் உயர உயர
நான் யோக்கியன் ஆகிக்கொண்டே போனேன்.
ஜன்னலில் காத்திருந்த பழுப்பு பூட்ஸ் ஒன்று
ரொட்டி வாங்காமலே நகர்ந்தது.

அவன் மெல்ல வெளியே வந்தான்.
புருவம் கருகி, நெற்றியில் மாவு.
"போகவில்லையே" என்றான்.
"ஏன் போகவில்லை?"
(இதையும் குற்றச்சாட்டாகவே கேட்டேன்.)
"அங்கே அடுப்பு மின்சாரம்."

எனக்காக என்று சொல்வான் என எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.
ஏமாற்றமாக இருந்தது, வெட்கமில்லாமல்.

அடுத்த உருண்டையைத் தட்டி நீட்டிக்கொண்டே கேட்டான்,
என்னைப் பார்க்காமல்:
"தேக்லாவுக்குப் பல் நேராகிவிட்டதா?"

தட்டுகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.
"ஆகிவிட்டது" என்றேன்.
"நல்லது" என்று
தலைகீழாய்ச் சாய்ந்தான்.

முப்பது மாதம், மாதம் அறுபது மூட்டை.
ஐயாயிரத்து நானூறு.
அன்றிரவு மூன்று தடவை கூட்டினேன்,
ஒரு தடவையாவது குறையாதா என்று.
மொத்தமாய்ப் பெட்டியில் வைக்க என்னிடம் இல்லை.
இருந்தாலும் வைத்திருப்பேனா, தெரியாது.
அவன் முகத்துக்கு நேரே நின்று சொல்ல வேண்டுமே.

இப்போது எழுபத்தைந்து என்று எழுதுகிறேன்.
கோச்சாவுக்கு எழுபத்தெட்டு கொடுக்கிறேன்.
இடையிலுள்ள மூன்று என் பையிலிருந்து.
ஆக, கணக்கு இன்றும் பொய்தான்.
கோச்சா என்னைப் பைத்தியம் பார்க்கிற மாதிரி பார்க்கிறான்.

நேற்று நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தான் மல்காஸ்.
படிக்கிறானா, விசிறிக்கொள்கிறானா, தெரியவில்லை.
பிறகு அடுப்புக்குள்ளிருந்து குரல் வந்தது,
கிணற்றுக் குரல், முகமில்லாமல்:
"மாவு விலை இறங்கியிருக்கிறது போல."

பதில் சொல்ல வாயெடுத்தேன்.
ஜன்னலில் ஒரு ஜோடி நனைந்த பூட்ஸ் வந்து நின்றது.
இரண்டு கேட்டது.
சூடாக வேண்டும் என்றது.