உரிமப் படிவத்தில் இடம் போதவில்லை

கிளப்பின் நிறம் என்ற கட்டத்துக்கு
இரண்டு விரல் அகலம் விட்டிருக்கிறீர்கள்.
பாகூவில் இருப்பவர்களுக்கு அது போதும்.

நாங்கள் குரா ஆறு கடலில் விழும் இடத்தில்,
அயோடின் ஆலையின் கழிவுக் கால்வாய்க்கு வலப்பக்கம்.
எழுபத்து நான்கில் ஆலையின் கட்சிச் செயலர்
பதினோரு வெள்ளைச் சட்டை வாங்கிவந்தார்.
எதிரணியும் வெள்ளை என்பது
ஆட்டத்துக்கு முந்தைய இரவுதான் தெரிந்தது.
சாயம் கிடைக்காத ஊரில்
அண்டா அண்டாவாய் அயோடின் இருந்தது.
பழுப்பாக வரும் என்று நினைத்து முக்கினோம்.
யாரோ சட்டைகளுக்குக் கஞ்சி போட்டிருந்தார்கள்.
கறுநீலமாக வெளியே வந்தன.

ஆலை ஆய்வகத்தில் இருந்த எனக்கு
அது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.
பத்தொன்பது வயது, என்னத்தைத் தெரியும்.
ஈரம் போக இஸ்திரி வைத்தால் நீலம் காணாமல் போனது.
செயலர் முகம் வெளுத்தது.
ஆறியதும் நிறம் திரும்பி வந்தது,
கொஞ்சம் குறைவாக.

ஒன்றுக்கு நான்கு என்று தோற்றோம்.
அந்த ஒன்று வாலேஹ் அடித்தது.
அவன் மார்பில் ஒரு வாரம் கறை கிடந்தது;
குளிக்க மாட்டேன் என்றான்.

தெற்குச் சுவருக்கு அப்பால் கடல்.
அப்போது தூரத்தில் இருந்தது.
பிறகு ஆண்டுக்கு ஒரு வேலியாக உள்ளே வந்தது.
தொண்ணூறில் கார்னர் கொடியடியில்
மீன்குஞ்சுகள் துள்ளின.
சுவர் தாண்டும் பந்தை எடுக்க
படகோடு அகாமிர் என்ற பொடியன் நின்றான்.
சம்பளப் பட்டியலில் அவனை
'மைதானப் பராமரிப்பு' என்று எழுதினேன்.
பொய்தான். தணிக்கையாளர் கண்டுபிடிக்கவில்லை.

நாடு மாறியது. லீக் புதிது, ரூபிள் செத்தது.
கன்ஜாவுக்குப் போகும் பேருந்தின் டீசலுக்கு
இரண்டு மூட்டை உப்பு கொடுத்தோம்.
கோல்கீப்பர் கன்லார் போர்முனைக்குப் போய்
தொண்ணூற்று நான்கில் திரும்பினான்,
இடது கையில் இரண்டு விரல் இல்லாமல்.
கையுறையின் காலி விரல்களில்
பஞ்சு அடைத்துத் தைத்தேன்.
மூன்று சீசன். எந்த நடுவரும் கேட்கவில்லை.
ஒரு பெனால்டியைத் தடுத்தது
பஞ்சு விரல்தான் என்று சத்தியம் செய்வான்.
உங்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

அப்புறம் ஒரு சிமெண்ட் முதலாளி.
கிளப்புக்குத் தன் கம்பெனிப் பெயர் வைத்தார்,
பச்சைச் சட்டை போட்டார்,
பிரேசிலிலிருந்து ஒருவனைக் கூட்டிவந்தார்.
அவன் பனிக்காலம் முழுக்க என் சமையலறையில்
அடுப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.
முதலாளி ஒரு செவ்வாய்க்கிழமை இல்லாமல் போனார்.
பேருந்துக்குக் காசில்லாமல் நாங்கள் போகாத ஆட்டங்கள் பத்து.
ஒவ்வொன்றுக்கும் மூன்று என்று
ஆடாமலே முப்பது கோல் வாங்கினோம்.
அப்போது பயிற்சியாளனாக இருந்த கன்லார்
அந்த முப்பதை இன்றும் ஒப்புக்கொள்வதில்லை.
பட்டியலில் கழித்திருக்கிறேன். அடித்துத் திருத்த வேண்டாம்.

ஏழு ஆண்டுகள் கிளப் இல்லை.
ஆடுகள் புல்லைப் பார்த்துக்கொண்டன,
கூலி கேட்காமல், ஒழுங்காக.

இப்போது மறுபடி பதினேழு பையன்கள்.
கடல் கோபித்துக்கொண்டதுபோல் போய்விட்டது.
கூரை மேல் ஏறினால்தான் தெரிகிறது.
சுவருக்கு வெளியே வெடித்த சேறு,
அதில் அகாமிரின் படகு சாய்ந்து கிடக்கிறது.
சில ஞாயிறுகளில் பந்து நேராக அதற்குள் போய் விழும்.
நாற்பத்தாறு வயதில் அவன்
வேறு யாரையும் எடுக்க விடுவதில்லை.

நிறம்: நீலம்.

இணைப்பு: கூடுதல் தாள் மூன்று, சட்டை ஒன்று.
வாலேஹின் மனைவி கொடுத்தது.
மடிப்புக்குள் மட்டும்தான் நிறம் இருக்கிறது,
வெளிச்சத்தில் விரித்து வைக்காதீர்கள்.
பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பவும்.
தபால் செலவு எங்களுடையது.

ஜரிஃபா,
செயலாளர்