ஆறு பல் வெறுமை

குதைபியாவில் மூன்றாம் மாடியில்
மூன்று பேர் உறங்கும் அறையில்
வெள்ளிக்கிழமை காலை
யாரும் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது
என்று சொல்லிவிட்டேன்.

பாவு ஓடிக்கொண்டிருந்தது.

அடுக்குக் கட்டிலின் இரும்புக் காலில் தொடங்கி
ஷைலியின் கட்டில் காலைச் சுற்றி
பால்கனிக் கம்பியில் திரும்பி
வழியில் ஒரு எட்டுப் போட்டு
மறுபடி இரும்புக் கால்.
போக ஓர் இழை, வர ஓர் இழை.
நூற்று இருபது நடை.
ஏசி ஓடினால் நூல் நடுங்குகிறது,
நிறுத்தினால் விரலில் ஒட்டுகிறது.
ஆகஸ்டில் இந்த வழக்குக்குத் தீர்ப்பே இல்லை.

ஓட்டல் சலவைக் கூடத்தில்
நாள் முழுக்கத் துவாலை எண்ணுகிறவள் நான்.
ஐம்பது ஒரு கட்டு. கண்ணை மூடிக்கொண்டு எண்ணுவேன்.
இங்கே, மரிசெல் ஒரு தும்மல் போட்டதில்
கணக்கு போய்விட்டது.
நடு அறையில் நூலோடு நின்றேன்.
மேல் கட்டிலிலிருந்து
"பிதும்புத் தத்லோ" என்றாள்.
புரியாமல் பார்த்தேன்.
ஏழு விரல் காட்டினாள், பிறகு மூன்று.
படுத்தபடியே அவளும்
அவள் மொழியில் நடந்துகொண்டிருந்திருக்கிறாள்.

தறி என்பது பெரிய சொல்.
நாடு திரும்பிய டென்மார்க் டீச்சர்
இருபத்திரண்டு தினாருக்குத் தந்த மேசைத்தறி.
நான்கு சட்டம்; மூன்றாவதில் விழுது பதினாறு குறைவு,
தூண்டில் நரம்பில் முடிந்து ஈடுகட்டினேன்.
அறுபது சென்டிமீட்டருக்கு மேல் நெய்யாது.
என் படுக்கையே அதைவிட அகலம்.
ஆகவே திரை இரண்டு பட்டை.
நிறம் மாதுளைத் தோல்.
வெள்ளை வேண்டாம்,
வெள்ளைக்குத்தான் எனக்குச் சம்பளம்.

பாவைச் சுருட்டும்போது மரிசெல்
முனையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்,
எருமையைப் பிடிப்பதுபோல, காலை ஊன்றி.
சுற்றுக்குச் சுற்று காகிதம் வேண்டும்.
கதவிடுக்கில் சேர்ந்திருந்த சூப்பர் மார்க்கெட் நோட்டீஸ்களை
ஷைலி ஒவ்வொன்றாக நீட்டினாள்.
உறைந்த கோழி, பாஸ்மதி, டயப்பர்,
மூன்று வாங்கினால் ஒன்று இலவசம்,
எல்லாம் உருளைக்குள் போயின.

விழுதில் கோக்க உட்கார்ந்தபோதுதான் கேட்டாள்:
"இது என்னை மறைக்கவோ?"

அவளுக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை.
லீவு நாளில் மட்டும்
இரண்டு மணிக்குப் போன் வெளிச்சத்தில்
மகனோடு கிசுகிசுப்பாள்.
அந்த வெளிச்சம் நேரே என் கண்ணில்.
ஆமாம், அதற்குத்தான்.
"கொசு" என்றேன்.
மூன்றாம் மாடியில், ஏசி அறையில், கொசு.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
நூற்று அறுபத்தெட்டில் சட்டம் மாறிப்போனதை
முப்பத்தாறு இழை தாண்டித்தான் கண்டேன்.
உருவினேன்.
பொய்யா பிழையா,
எது முதலில் கையைத் தடுமாற வைத்தது
என்று யோசிக்கவில்லை. யோசித்தேன்.

அடுத்தது அச்சு. பல்லுக்கு ஓர் இழை.
மனம் மாறுவதற்கு இதுதான் கடைசி இடம்,
நெய்யத் தொடங்கிய பின் மாறினால்
கத்தரிதான்.
நாற்பது பல் நிறைத்து
ஆறு பல்லை வெறுமையாக விட்டேன்.
மறுபடி நாற்பது. மறுபடி ஆறு.
எதிர்ப்பக்கம் உட்கார்ந்து
நரம்பு தேடிப் பழகிய விரலால்
இழை இழையாக எடுத்துத் தந்துகொண்டிருந்த ஷைலி
"இங்கே நூல் விட்டுப்போச்சே" என்றாள்.
போகவில்லை, விட்டேன்.

முன்கட்டையில் கட்டி
உள்ளங்கையால் தட்டிப் பார்த்தேன்.
வலது ஓரம் தொய்வு. அவிழ்த்துக் கட்டினேன்.
இடது ஓரம்.
நாடாவை இன்னும் எடுக்கவில்லை.
கழித்துப்போட்ட துவாலையைக் கிழித்து
நான்கு வரி ஓட்டினேன்,
இழைகள் தத்தம் இடத்துக்கு நகர்வதற்காக மட்டும்.
பிறகு வெட்டி எறியப் போகிற வெள்ளை.

அதற்குள் இருட்டிவிட்டது.
காலை ஐந்துக்கு வேன்.
ஷைலி பாவுக்குப் பின்னால் போய்
போன் விளக்கைப் போட்டாள்.
என் மடியில் ஐந்து கோடு விழுந்தது.
அவற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இதிலே கொசு வருமல்லோ" என்றாள்.