இறங்கலாமா

காலையில் ஓடுபாதையை நடந்து பார்ப்பது
சர்கிலானாவின் வேலை.
நேற்றுக் கணுக்கால் வரை இருந்த பள்ளம்
இன்று முழங்காலைக் கேட்கிறது.
சரளை கொட்டுகிறாள்.
மண் விழுங்கிவிட்டு வாயை மூடாமல் கிடக்கிறது.

யாகூத்தியாவில் ஜூலை. முப்பத்தைந்து டிகிரி.
நிலத்தடிப் பனிக்கிடங்கில்
குதிரை இறைச்சி மிதக்கிறது.
எந்தப் பக்கம் விழுவதென்று
லார்ச் மரங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை.

பள்ளிக்கூடத் தரையில் பிள்ளைகள்
கோலிக்குண்டு வைத்துப் பார்க்கிறார்கள்.
போன வருடம் அடுப்புப் பக்கம் ஓடியது.
இந்த வருடம் வாசலுக்கு.

மருந்துப் பெட்டிகளோடு மேலே வட்டமடிக்கும் விமானி
வானொலியில் கேட்கிறான்: "இறங்கலாமா?"
குதிகாலால் ஒருமுறை அழுத்திப் பார்க்கிறாள்.
பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிடுகிறாள்.

ஓடுபாதை நடுவே
போன வாரம் இல்லாத குளத்தில்
ஒரு ஜோடி வாத்து,
யாரையும் கேட்காமல்
இறங்குகிறது.