வட்டு மறையும் ஆழம்

கறுப்பும் வெள்ளையும் கால் கால் பூசிய தட்டு.
கயிற்றில் கட்டி இறக்குவார் லூசியன் திபோடோ,
இரண்டு வாரத்துக்கொரு முறை, நண்பகலில்,
படகின் நிழல் விழும் பக்கம்.
கண்ணுக்குத் தட்டு மறையும் இடத்தில்
கயிற்றைக் கிள்ளிப் பிடித்து
மீட்டர் கணக்கு சொல்வார்.
நான் எழுதிக்கொள்வேன்.
ஏரிக்கு நாங்கள் நாடி பார்ப்பது இப்படித்தான்.

பத்தொன்பது ஆண்டுகளாய்
ஏழுக்குக் கீழே இறங்காத ஹாக்கெட் ஏரி
அந்தக் கோடையில் ஆறரை.
பிறகு ஐந்து எண்பது.
செப்டம்பர் முதல் சனிக்கிழமை, ஐந்து.

மெய்ன் மாநிலத்தின் இந்த மூலையில்
சாலையைவிடச் செய்திக்கு வேகம் அதிகம்.
மேட்டில் மரம் வெட்டியவர்களைச் சொன்னார்கள்.
புதுப் பங்களாக்காரரின் புல்தரை உரத்தைச் சொன்னார்கள்.
ஓடைக்கு அடியில் துருவேறிக் கிடந்த குழாயைக்கூட.
மளிகைக் கடையில்
எல்லோரும் யாரையோ முறைத்தார்கள்.

நிலக் காப்பு அறக்கட்டளைக்கு நான் பொருளாளர்.
எங்கள் கையிருப்பில் ஓர் ஓட்டை லாரி வாங்கலாம்.
விலைக்கு வந்திருந்ததோ ஸ்பெரி மேடு,
நானூற்றுப் பத்து ஏக்கர், ஹெம்லாக்கும் பிர்ச்சும்.
ஏரிக்கு வரும் மூன்று ஓடைகளுக்கும்
அதுதான் தலைமாடு.

மார்ச் மாத ஊர்க்கூட்டம்.
வரிப்பணத்தில் பங்கு தரலாம் என்று
நூற்று முப்பத்தொரு கைகள்.
வேண்டாமென்று நாற்பது.
நாற்பதில் ஒன்று லூசியனுடையது.
"நிலத்தையெல்லாம் பூட்டி வைத்தால்
என் மகள் எங்கே வீடு கட்டுவாள்?"
யாரிடமும் நல்ல பதில் இல்லை.
என்னிடம் இன்றுவரை இல்லை.

பத்திரத்தில் 'என்றென்றும்' என்று அச்சடித்திருந்தார் வக்கீல்.
அதன் கீழே கையெழுத்து காயும்வரை காத்திருந்தோம்.

மே மாதம். பனிக்கட்டி உடைந்து மூன்று வாரம்.
லூசியனுக்கு முதுகு பிடித்துக்கொள்ள
தபால்காரி ஆர்டித் கயிற்றை இறக்கினாள்.
ஏழு இருபது.
நம்பாமல் மறுபடியும் இறக்கினாள்.
ஏழு இருபது.
"உனக்கு இன்னுமா தெரிகிறது?" என்றார் லூசியன்.
அவர் நாலரையிலேயே தலை நிமிர்ந்திருந்தார்.

துடுப்பிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.
ஒரு லூன் பறவை முங்கி
நாங்கள் பார்க்காத பக்கம் எழுந்தது.

இரண்டு கண்ணிலும் புரை என்றார் பாங்கோர் மருத்துவர்.

கலங்கியது ஏரி இல்லை.

அந்த மூன்று எண்களை
அடித்துவிடலாம் என்றேன்.
பேனாவை வாங்கி, மூக்கு தாளில் உரச,
ஓரத்தில் அவரே எழுதினார்:
'பார்த்தவரின் கோளாறு. நீருடையதல்ல.'

வேண்டாமென்று உயர்ந்த அந்த ஒரு கைதான்
கயிற்றைக் கிள்ளிக் கிள்ளி
நூற்று முப்பத்தொன்றையும் உயர்த்தியது.
அதை நாங்கள் இருவரும் பேசியதில்லை.

அறுவைக்கு நாள் குறித்திருக்கிறது.
அதுவரை சும்மா இருக்க மாட்டேனென்று
ஸ்பெரி மேட்டின் எல்லை மரங்களுக்கு
மஞ்சள் பட்டை அடிக்கிறார்,
மற்றவர்கள் அடித்ததைவிட
இரு மடங்கு அகலமாய்.