வெண்கலத்தின் முதுகு

நூறு மீட்டர் தங்கம் நடுக்கூடத்தில் இருக்கிறது,
தனி விளக்கு, தனிக் காவலர்.
பள்ளிக்கூடப் பேருந்துகள் அதற்காகத்தான் வருகின்றன.
என் மேசைக்கு வந்தது மற்றது:
தொடர் ஓட்டம், மூன்றாம் இடம்,
அறுபத்தெட்டு கிராம், நாடா இல்லை,
வளையத்தில் தூண்டில் நரம்பு முடிந்திருந்தது.

பிரிட்ஜ்டவுனில் காற்று உப்பைச் சுமந்து வரும்.
கதவுக் கீலைத் தின்னும், கார் கூரையைத் தின்னும்.
வெண்கலம் பச்சை பூத்திருந்தது
விளிம்பில், எழுத்துகளின் குழிகளில்.
ஊசிமுனையால் ஒவ்வொரு எழுத்தாகச் சுரண்டினேன்
ஒன்பது நாள்,
நாலு பேர் நாற்பத்துநாலு நொடியில் ஈட்டியதை.

பத்தாம் நாள் திருப்பினேன்.
லென்சுக்கு அடியில் ஒரு கட்டைவிரல் ரேகை.
அழுக்கல்ல, துடைத்தால் போகாது.
வியர்வை உலோகத்தைக் கடித்து
கடித்த இடம் கறுத்து
வரி வரியாக நின்றுவிட்டது.
தங்கமென்றால் ஒன்றும் ஒட்டியிருக்காது.

படிவத்தில் இதற்கொரு கட்டம் உண்டு: சேதம்.
மெருகு போட்டுவிடு என்றார் இயக்குநர்,
வெள்ளிக்கிழமை திறப்பு, மந்திரி வருகிறார்.
அது வீராங்கனையின் விரல் ஐயா என்றேன்,
நிச்சயமாகத் தெரிந்தவன் போல.

வெரோனா கிட்டன்ஸ் புதன்கிழமை வந்தார்.
எழுபத்துமூன்று வயது, இடுப்பில் செயற்கை மூட்டு,
வேன்காரனோடு சில்லறைக்குச் சண்டை போட்ட மூச்சு
இன்னும் இறங்கவில்லை.
கையுறையை நீட்டினேன்.
"என் பதக்கத்தைத் தொட எனக்கே கையுறையா?"
சிரித்தார். மாட்டிக்கொண்டார்.
சுண்டுவிரல் நுனியில் வெள்ளைத் துணி தொங்கியது.

படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன்.
வெகுநேரம் பார்த்தார்.
கையுறையைக் கழற்றினார், மை கேட்டார், தாள் கேட்டார்,
கட்டைவிரலை அமுக்கினார்.

அவருடையது வளைவு.
இது சுழி.

"ஐசிலின்" என்றார்.

"தகுதிச் சுற்றில் மூன்றாவது நூறு அவள் ஓடினாள்.
மாலை பட்டியலில் வேறு பெயர்.
அவளும் கோபப்படவில்லை, பழங்களை வெட்டி
எங்களுக்குத் தட்டில் வைத்தாள்.
மேடையில் நாலு பேருக்குத்தான் இடம்.
ராத்திரி விடுதியில் கேட்டாள்,
விடியும்வரை கொடு, போதும் என்று.
காலையில் திருப்பித் தந்தபோது
சூடாக இருந்தது, ரொட்டி மாதிரி."

நரம்பு?
"நாடா இற்றுப்போன வருஷம்
அதைக் கோத்துத் தந்ததும் அவள்தான்.
ஸ்பைட்ஸ்டவுனில் பறக்கும்மீனுக்கு முள் எடுக்கிறாள்.
அந்த வேகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்."

ரேகை அந்த இரவில் விழுந்ததா,
நரம்பு கோத்த நாளிலா,
உலோகம் தேதி போடுவதில்லை.

பெயரட்டையில் ஐந்தாவது பெயர் கேட்டேன்.
ஆவணம் வேண்டும் என்றார் இயக்குநர்.
பதக்கத்திலேயே இருக்கிறது என்றேன்.
அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

படிவத்தில் 'சேதம்' என்ற கட்டத்தில்
'இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
மெருகு டப்பாவின் மூடியைத் திருகி
மேல்தட்டில், எட்டாத இடத்தில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை,
பதக்கத்தை முதுகு காட்டி வைத்திருந்தேன்.
தலைகீழாக இருக்கிறதே என்றார் மந்திரி.
யாரோ அவரைத் தங்கத்தின் பக்கம் அழைத்துப் போனார்கள்.

ஐசிலின் ஸ்கேன்டில்பரிக்கு இரண்டு கடிதம் போட்டாயிற்று,
இலவச அனுமதிச் சீட்டும் வைத்து.
இன்னும் வரவில்லை.
இது மீன் அதிகம் படும் பருவம் என்கிறார்கள்.