ஓமா

முக்கூடல் பஸ் ஹைகிரவுண்டுக்கு வந்து சேர
ஒன்றேகால் மணி நேரம்.
டிக்கெட்டின் முதுகில் எழுதி வைத்துப் படிப்பேன்.
ஹெப்பட்டோ, ஈரல்.
நெஃப்ரோ, சிறுநீரகம்.
மெகலி, அளவுக்கு மேல் பெருத்தது;
எங்கள் கண்டக்டர் மெகலிதான்.

பத்தாம் வகுப்பில் பகுபத உறுப்பிலக்கணத்தை
சாய்ஸில் விட்டவள் நான்.
இன்றைக்கு எழுபது ஸ்கேன் ரிப்போர்ட் டைப் அடிக்கிறேன்,
யாரோ ரோமாபுரிக்காரன், யாரோ கிரேக்கன்
விட்டுப்போன சொற்களைப்
பகுதி வேறு, விகுதி வேறாகப் பிரித்து.

இட்டிஸ் என்று முடிந்தால் மாத்திரையோடு போகும்.
எக்டமி என்று முடிந்தால் கத்தி.
ஓமா என்று முடிந்தால்
தண்ணீர் பாட்டிலைக் கையருகே நகர்த்திக்கொள்வேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆவுடைத்தாய்.
பீடி சுற்றித் தேய்ந்த கட்டைவிரல்,
இடது தோளில் எலுமிச்சங்காய் அளவு கட்டி.
"என்ன போட்டிருக்கு தாயி?"
சொல்லக் கூடாது. சுவரிலேயே ஒட்டியிருக்கிறார்கள்.

டாக்டர் எழுத்தில் முன்பாதி கிறுக்கல்.
வால் மட்டும் தெளிவு:
ஓமா.

விரல் கீபோர்டிலேயே நின்றுவிட்டது.
தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தேன்.
லி. பிறகு ப்போ.
லிப்போ.
கொழுப்பு.
வெறும் கொழுப்பு, ஆத்தா, பால்கோவா மாதிரி.

"டாக்டரம்மா மூணாவது மாடி" என்றேன்.
"லிஃப்ட் வர நேரமாகும். நடந்தே ஏறிருங்க."

"முட்டு வலிக்கும்லா" என்று ஏசிக்கொண்டே
கம்பியைப் பிடித்தாள்.

முட்டுக்கு ஆர்த்ரோ.
அதற்கு வால் இட்டிஸ்தான்.
மாத்திரை போதும்.