ஆறரைக் குதிரை

செவ்வாய்ப்பேட்டை மகபூப் கடையில்
இரண்டு எஞ்சின் அருகருகே இருந்தன.
ஒன்று ஜப்பான் கம்பெனி, இருபத்துநாலாயிரம்.
மற்றதற்குப் பெயரே இல்லை,
சிவப்பு மூடி, கறுப்பு டேங்க்,
எட்டாயிரத்து முந்நூறு,
பில் வேண்டாமென்றால் எட்டாயிரம்.
"உள்ளே ரெண்டும் ஒரே அச்சுதாம்மா."
அப்படியானால் அது ஏன் மூணு மடங்கு?
"அதுக்கு வாரண்டி இருக்கு.
இதுக்கு நான் இருக்கேன்."

பெட்டியின் மேல் ஆறரைக் குதிரைசக்தி என்று போட்டிருந்தது.
ஆறு குதிரை சரி,
அந்த அரைக்குதிரை தலைப்பக்கமா வால்பக்கமா
என்று யோசித்தபடி
முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு
இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறினேன்.
கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்.

கடை வாசலில் ஒரே இழுப்பில் பிடித்தது
நாகலூர் வந்ததும் கரும்புகை கக்கியது.
ஜெர்மியாஸ் வந்து பிளக்கைக் கழற்றிக் காட்டினான்,
அடுப்புக்கரி மாதிரி இருந்தது.
"கீழ்க்காத்துக்குச் செஞ்சது.
இங்கே காத்து மெலிசு, பெட்ரோல் மட்டும் பழைய கணக்கு."
ஜெட்டை ஈயம் வைத்து அடைத்து
நூல் கனத்துக் கம்பியால் மறுபடி துளை போட்டான்.
போகிற போக்கில் குறை சொல்லிக்கொண்டே போனான்:
போல்ட் வெண்ணெய், வாஷர் வெறும் அட்டை,
இழுக்கிற கயிறு பொங்கல் வரைக்கும் தாங்காது.
தாங்கவில்லை. கார்த்திகையிலேயே அறுந்தது.

அஞ்சு மணி நேரம் ஓடியதும் ஆயிலை மாற்றச் சொல்லியிருந்தான்.
வடித்து வெயிலில் பிடித்தேன்,
எண்ணெய்க்குள் வெள்ளி வெள்ளியாய்த் தூள்,
மூக்குத்தி ராவிய பட்டறைத் தூசி போல.
"ரெண்டு இரும்பு ஒண்ணுக்கொண்ணு பழகுது" என்றான்.
எதற்கும் இருக்கட்டுமென்று பாட்டிலில் ஊற்றி வைத்தேன்.

தை மாதம் ஒன்பது மூட்டைப் பழம்.
அன்றிரவே தோலுரிக்காவிட்டால் விடிவதற்குள் புளிக்கும்.
பல்பர் ஓடியது, அரைமணியில் நின்றது.
இழுத்தோம். ஒரு வெடிப்பு, ஒரு தும்மல், மௌனம்.
செங்காயி இழுத்தாள், அவள் புருஷன் இழுத்தான்,
பக்கத்து எஸ்டேட் ரைட்டர் சார்லஸ்
டார்ச்சோடு வந்து நின்று
"நான் அப்பவே சொன்னேன்" என்றார்.
அவர் எப்பவும் சொன்னதில்லை.

மிச்சம் பிடித்த பதினாறாயிரம்
மகளின் நர்சிங் காலேஜ் முதல் பீஸாய்ப் போயிருந்தது.
அந்தக் கணக்கு சரியா தப்பா என்று
பழமூட்டைமேல் உட்கார்ந்து கூட்டிக் கழித்தேன்.
முதல் மூட்டை அதற்குள் சூடேறத் தொடங்கியிருந்தது.

போனில் ஜெர்மியாஸ், பாதித் தூக்கத்தில்:
"மட்டமா இருக்கா?"
"ஆமாம், மட்டச் சரக்குதான்."
"அதில்லக்கா. உக்காந்திருக்கிற இடம்.
ஆயில் கொறஞ்சா தானா நிக்கிற மாதிரி
உள்ளே ஒரு சுவிட்சு. சாஞ்சா
ஆயில் ஒரு பக்கம் போயிடும், அது ஏமாந்துபோகும்."

இந்த மலையில் எது மட்டம்?
அடுப்பு சாய்வு, கட்டில் சாய்வு,
சோறு தட்டில் ஒரு ஓரமாய்த்தான் நிற்கும்.
டம்ளர் நிறையத் தண்ணீரை எஞ்சின்மேல் வைத்தேன்,
தெற்கே வழிந்தது.
அதிர்ந்து அதிர்ந்து ஒரு கால் மண்ணில் புதைந்திருக்கிறது.
ஒரு தட்டைக்கல், அதற்கு மேல்
சார்லஸ் மனமில்லாமல் கழற்றிக் கொடுத்த ரப்பர் செருப்பு.
மறுபடி டம்ளர்.
தண்ணீர் விளிம்போடு நின்றது.

ஒரே இழுப்பு.

நாலு அறுவடை ஆகிவிட்டது.
கயிறு மூன்று, கார்புரேட்டர் ஒன்று,
செருப்பை அவர் இன்னும் திருப்பிக் கேட்கவில்லை.
ஜன்னலோரம் ஆயில் பாட்டில்கள் வரிசையாய் நிற்கின்றன.
வருடத்துக்கு வருடம் மினுக்கம் குறைகிறது.
இரண்டு இரும்பும் பழகிவிட்டனவா,
தேய்வதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லையா?
ஜெர்மியாஸைக் கேட்டேன்.
பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்,
குலுக்கினான்,
இன்னொரு தரம் பார்த்தான்.